எந்த வருஷத்து வண்டி?

அறுபது, எழுபதுகளில் இந்தியாவில் கார் வாங்க காசு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தாலும் பெரும்பாலும் கிடைப்பது மூன்றில் ஒன்றுதான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், மெட்ராஸுக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசடர் அரசாங்க வண்டி ஆனது. ஃபியட் பம்பாய் டாக்ஸி ஆனது. இரண்டுக்கும் இன்றைக்கும் சினிமாவில் வேலை இருக்கிறது. ஹெரால்டைத்தான் மறந்துவிட்டோம். இத்தனைக்கும் அது நம்ம ஊர் வண்டி.

முழுக்க நம்ம ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. 1959-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனி கொண்டுவந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் பாடியையும் அடித்தளத்தையும் ஒரே கூடாகச் செய்ய ஆரம்பித்திருந்தன. அம்பாசடரும் ஃபியட்டும் அந்த ஜாதிதான். ஸ்டாண்டர்டால் அது முடியவில்லை. அவர்களுக்கு பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டைச் செய்துதர வேறு ஆள் அமையவில்லை. அதனால் பழைய முறைப்படி தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த பாடியை போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவெடுத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்தது.

அந்த வழியில்லாமைதான் அறுபது வருஷம் கழித்து எனக்கு வழி ஆனது. பானட்டைத் திறந்தால் மூடி மட்டும் திறக்காது. இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து வண்டியின் முகமே முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். ஒரு பகுதி துருப்பிடித்தால் போல்ட்டைக் கழற்றி அந்தப் பகுதியை மட்டும் வெளியே எடுக்கலாம். லிஃப்ட்டோ கிரேனோ இல்லாத ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில், மெக்கானிக் வேலை படிக்காத ஒருத்தி, இரண்டு ஜாக்கியையும் நாலு ஸ்டாண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முழு காரைப் பிரித்தாள் என்றால் அது அவளுடைய சாமர்த்தியம் இல்லை. பிரிப்பதற்கென்றே செய்தது மாதிரியான வண்டி அது.

பிரித்தது பெரிய விஷயம் இல்லை. திரும்ப மாட்டும்போதுதான் கேள்வி வந்தது.

*

சென்னையில் 1961-லிருந்து ஹெரால்ட் செய்தார்கள். 948 சி.சி. என்ஜின். மூல ஹெரால்டுக்கு இரண்டே கதவு. அறுபதுகளின் கடைசியில் இந்தியாவுக்கென்று நாலு கதவு வைத்து மார்க் 3 என்று கொண்டுவந்தார்கள். எங்கள் வண்டி 1969-ஆம் வருஷத்து மார்க் 3. 1984-இல் அப்பா வாங்கும்போது அவர் மூன்றாவது ஓனர்.

அப்பாவும் அம்மாவும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார்கள். அப்பா ஹையர், அம்மா லோயர். பதினாறு மெஷின். கெட்டுப்போனால் அப்பாவே பிரித்துச் சரிசெய்வார். அந்தத் தைரியத்தில்தான் கார் வாங்கினார் என்று நினைக்கிறேன். பரீட்சை நாட்களில் சென்டருக்கு ஆட்டோ கிடைக்காத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். பின்சீட்டில் ஐந்து பேர், மடியில் ஹால் டிக்கெட். முட்டுச்சந்தில் மாட்டினால் அவருக்குக் கொண்டாட்டம். ஹெரால்டின் முன் சக்கரங்கள் அநியாயத்துக்குத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் முழு வண்டியும் சுற்றி வந்துவிடும். திருப்பிவிட்டு எங்களைப் பார்ப்பார், கைதட்டச் சொல்வதுபோல.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரில் எங்கள் தெருவும் போனது. மாடியில் இருந்தோம். வண்டி ஷெட்டில் இருந்தது. மூன்று நாள் கதவுக் கைப்பிடி வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு அப்பா பானட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், தார்ப்பாய் போட்டார். அப்போதே அவருக்கு உடம்பு முடியவில்லை. 2018-இல் போய்ச் சேர்ந்தார். தார்ப்பாய் அப்படியே கிடந்தது.

2020 ஊரடங்கில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை இழுத்தேன். உள்ளே எலிக்கூடு, காய்ந்த வெள்ளச்சேறு, மூன்று டயர் தட்டை. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எலி இருக்கும். கம்பு எடுத்துக்க."

*

வேலையில் முதலில் தெரிந்துகொண்டது ஸ்பானர். ஊரில் எல்லாக் கடையிலும் மில்லிமீட்டர் செட்தான். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் உள்ளே போகும். போவதுபோலவே சுற்றியும் விடும். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. ஆனால் ஐந்து வருஷம் துருவில் ஊறிய போல்ட்டுக்கு அது போதும், ஆறு முனையும் வழுக்கி உருண்டையாகிவிடும். இதை எனக்குச் சொன்னது பல்லாவரத்தில் இருந்த ஒரு பாய். எழுபது தாண்டியவர், பட்டறையை மகன்களிடம் விட்டுவிட்டார். இளவயதில் அவர் கைக்கு வந்தவற்றில் பாதி ஹெரால்டாம். போனில் படம் அனுப்புவேன், குரல் பதிவில் பதில் வரும்.

"பதிமூணு போடாதம்மா. புதுப்பேட்டைல கேளு, பழைய இஞ்ச் ஸ்பானர் கிலோ கணக்குல கிடக்கும். மொதல்ல டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊறவை. அவசரப்பட்டா வண்டி உன்ன அழ வெச்சுடும்."

புதுப்பேட்டையில் கிடைத்தது. ஏழு ஸ்பானர், எல்லாம் வேறு வேறு ஆட்களின் கைகளில் தேய்ந்தவை.

என்ஜின் சுற்றவே இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசல் கலவையை ஊற்றிப் பதினொரு நாள் விட்டேன். பிறகு டயருக்குக் காற்றடித்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சக்கரம் நகர்ந்தால் பிஸ்டன் நகர்ந்தாக வேண்டும். தனியாள் வேலை இல்லை இது. அம்மாவைக் கூப்பிட்டேன். முட்டிவலியோடு வந்தாள். டிக்கி மூடியில் எங்கே கை வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குள், நம்பர் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கையைப் பதித்து, ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றுவிட்டாள்.

"எப்பவும் இங்கதான் தள்ளுவேன். நடுவுல தள்ளுனா தகடு உள்ள போயிடும்."

எத்தனை தடவை தள்ளியிருப்பாள் என்று கேட்டேன். "பேட்டரி மாத்தக் காசு இருந்த மாசம் தள்ளல" என்றாள்.

என்ஜின் அசையவில்லை. ஹெட்டைத் திறந்தேன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் துரு வளையம் கட்டிப் பிஸ்டனைப் பிடித்திருந்தது. மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி நாலு நாளில் நாலும் வெளியே வந்தன. கரியைச் சுரண்டினால் பிஸ்டன் தலையில் 020 என்று பொறித்திருந்தது. படம் அனுப்பினேன். பாய் சொன்னார்: "இருபது தவ் ஓவர் சைஸ். ஏற்கெனவே ஒரு தடவ போர் பண்ணியிருக்காங்க. இன்னொரு தடவ தாங்கும். நாப்பது போட்டுக்கலாம்."

ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. சிலிண்டர் தேய்ந்து முட்டை வடிவமாகும்போது லேத்தில் கொடுத்துக் குடைந்து மறுபடி வட்டமாக்குவார்கள். துளை பெரிதாவதால் பெரிய பிஸ்டன். ஒவ்வொரு தடவையும் சுவர் மெலியும். ஒரு என்ஜினுக்கு இப்படி எண்ணி இரண்டு மூன்று ஆயுள்தான். எங்களுடையதில் ஒன்று ஏற்கெனவே செலவாகியிருந்தது. எப்போது, எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரே இடம் அப்பாவின் நோட்டு.

*

நோட்டு என்றால் ஃபைல். வெள்ளத்துக்குத் தப்பி மாடிப் பரணில் இருந்தது. வண்டிக்குச் செய்த ஒவ்வொரு செலவையும் அப்பா தமிழ் மெஷினில் டைப் அடித்து வைத்திருந்தார். தேதி, உருப்படி, தொகை. மூன்று பத்தி, ஒரு பிசிறு இல்லாமல். பிரேக் ரப்பர் கிட் 22.00. கண்டன்ஸர் 9.50. ஃபேன் பெல்ட் 18.00. முக்கியமானவை மட்டும் ரிப்பனைத் தூக்கிச் சிவப்பில் அடித்திருக்கும். ஒவ்வொரு வருஷத்துத் தாளிலும் ஒரு சிவப்பு வரி கட்டாயம் வரும்: டிரனியன் – ஆயில் மட்டும் – கிரீஸ் கூடாது.

தாள்களின் வலது ஓரத்தில் நாலாவதாக ஒரு பத்தி இருந்தது. டைப் இல்லை, பென்சில். அம்மாவின் கையெழுத்து. முதலில் டிக் அடித்துச் சரிபார்த்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. கிட்டே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு சொல். ஃபீஸ். சீட்டு. ஃபீஸ். அண்ணன் கொடுத்தது. ஃபீஸ். காசு எங்கே போனது என்பதை அப்பா எழுதியிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்பதை அம்மா எழுதியிருக்கிறாள்.

1987 ஆகஸ்ட். என்ஜின் போரிங், பிஸ்டன் செட் 020, ரிங், பேரிங், லேபர் – 1,850.00. சிவப்பில். பக்கத்தில் பென்சிலில்: வளையல்.

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு ஞாபகப்படுத்திக்கொள்ளவே தேவைப்படவில்லை.

"ஒரு பவுன். அடகு வெச்சோம். மூணு மாசத்துல மீட்டுடலாம்னார். மூழ்கிப் போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "வளையல் அப்ப மூழ்குச்சு. வண்டி இருபத்தெட்டு வருஷம் கழிச்சு மூழ்குச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை நேர் பண்ணுவதுபோலச் சொன்னாள்.

துருப்பிடித்த அந்த நாலு பிஸ்டனும் இனி உதவாது. லேத்துக்காரர் பழைய அலுமினிய விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்றைக் கொடுத்தேன். ஒன்றை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க இப்போது அதுதான் முட்டு.

*

என்ஜின் லேத்தில் இருந்த மூன்று மாதமும் பாடி வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க வண்டி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மேலே க்ரீம் நிறம், அது 1996. அதற்குக் கீழே கருநீலம், அதில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதற்கும் கீழே சாம்பல் பூச்சு. எல்லாவற்றுக்கும் அடியில், கதவு இடுக்கில் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு வெளிர் பச்சை. ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்தபோது வண்டி பச்சையாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத நிறம்.

டிரைவர் சீட்டுக்குக் கீழே தரையில் ஒரு ஒட்டு. பதினைந்து லிட்டர் எண்ணெய் டின்னை வெட்டி, விரித்து, ரிவெட் அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார் அப்பா. பெயின்ட்டைச் சுரண்டினால் டின்னில் அச்சடித்த வேர்க்கடலைப் படம் தெரிந்தது. நோட்டில் 1991: ஃப்ளோர் – டின் 1 – வீட்டிலிருந்து. ரிவெட் 24 – 6.00.

பின்சீட்டைப் பிரித்தேன். மேலே மெரூன் ரெக்ஸின். அதற்குள் நீலப் பூப்போட்ட ஒரு துணி உறை, ஓரமெல்லாம் கச்சிதமாக மடித்துத் தைத்தது. அதற்குள் கிழிந்த சாம்பல் ரெக்ஸின், தேங்காய் நார். அந்த நீலத் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இதுல எந்த வருஷத்து வண்டியா ஆக்கப் போற?"

பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் 'ஒரிஜினல்'. ஃபேக்டரியிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடி. அரசாங்கமும் அப்படித்தான் கேட்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தகுதி இருந்தால் நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ரேலிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம்.

விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாவிட்டால் நாட்டில் மிச்சமிருக்கிற பழைய வண்டிகளும் பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும். ஆனால் மூல வடிவம் என்பது 1969. அந்த 1969-இல் அப்பா இல்லை, அம்மா இல்லை, டின் ஒட்டு இல்லை, நீலத் துணி இல்லை. யாரோ ஒருவர் பச்சை நிறத்தில் ஓட்டிப்போன புது கார் அது. அதை உண்டாக்க வேண்டுமென்றால், எங்கள் வீட்டில் அந்த வண்டிக்கு நடந்த எல்லாவற்றையும் பிழை என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். மாறாக, இருந்ததை அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்றால் அது 2015. சேறும் துருவும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது? நீல வண்டியா, க்ரீம் வண்டியா? யாருடைய வருஷம்?

அம்மாவிடம் திருப்பிக் கேட்டேன், உனக்கு எந்த வருஷம் வேணும்?

"எனக்கு ஒண்ணும் வேணாம். அது எங்க ரூம் ஸ்க்ரீன் துணி. 89-ல தெச்சேன். நல்லா ஒழச்சிருக்கு" என்று துணியை வாங்கி, தையலை நகத்தால் நீவிப் பார்த்தாள்.

நோட்டில் 1989-ஐப் புரட்டினேன். சீட் உறை என்று ஒரு வரிகூட இல்லை. துணி பழையது, தையல் அம்மாவுடையது. காசு செலவாகவில்லை, அதனால் பதிவாகவில்லை. தள்ளியதற்கும் பதிவு இல்லை.

*

முடிவுகள் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு உருப்படியும் கைக்கு வரும்போது ஒவ்வொன்றாக எடுத்தேன்.

சில விஷயங்களில் பாசத்துக்கு இடமே இல்லை. முன் சக்கரம் திரும்புவதற்குக் கீழே டிரனியன் என்று ஒரு வெண்கல உருப்படி, அதற்குள் மரை போட்ட ஒரு தண்டு. வண்டியின் எடை அந்த மரையில்தான் நிற்கிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாகப் போகாது, உள்ளே தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் ஓடும்போதே முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். அப்பாவின் சிவப்பு வரி அதனால்தான். வெள்ளத்தில் ஊறிய இரண்டு தண்டும் குழி விழுந்திருந்தன. மாற்றினேன். பிரேக்கில் ஒவ்வொரு ரப்பரும் புதுசு, குழாயும் புதுசு. தரையில் டின் ஒட்டைச் சுற்றி இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங். வெட்டுகிற அன்றைக்கு வெல்டர் தம்பி கேட்டான், "அக்கா, இந்த டின்ன தூக்கிப் போட்டுடவா?" போடு என்றேன். டிரைவர் காலடியில் இருக்கிற தரை அது. அப்பா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். அவர் டின் வைத்தது டின் பிடித்ததால் இல்லை, தகடு வாங்கக் காசில்லாததால்.

வேறு சிலவற்றைத் தொடவில்லை. டாஷ்போர்டில் அவர் துளை போட்டு மாட்டிய, டைப்ரைட்டர் மணியின் பித்தளைக் கிண்ணம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பின் சக்கரங்களின் ஆட்டம். ஹெரால்டின் பின் அச்சு இரண்டு துண்டு. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஜாக்கியில் தூக்கினால் இரண்டு சக்கரமும் வாத்துக்கால் மாதிரி உள்ளே மடங்கும். இந்த ஏற்பாடு இங்கே பல மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கேஸல் காரில் கம்பெனியே அதை எடுத்துவிட்டு சாதாரண அச்சு வைத்தது. என்னிடமும் ஒருவர் மாற்றிவிடச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

நிறத்தில் நீலம். ஃபேக்டரி நிறமும் இல்லை, கடைசி நிறமும் இல்லை.

வி.ஏ. பதிவுக்குப் போகவில்லை. அபராதத்தோடு சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். ஏன் என்று கேட்ட நண்பர்களிடம் சொன்ன காரணம் எளிது: காய்கறி வாங்கப் போக முடியாத காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

*

இதற்கு நடுவில் 2022-இல் வீட்டை பில்டரிடம் கொடுப்பதென்று முடிவானது. அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து பேசினான். வீட்டை இடித்து நாலு ஃப்ளாட், எங்களுக்கு இரண்டு. அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, கீழே இருக்கவும் பயம். ஒவ்வொரு நவம்பரிலும் மழை வலுத்தால் ராத்திரி தூங்க மாட்டாள். லிஃப்ட் வைத்த முதல் மாடி வீடு என்றால் அவளுக்கு நல்லது. அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை. "ஷெட் மொதல்ல போகும். தைக்குள்ள காலி பண்ணணும். வண்டி ஓடலேன்னா லாரில ஏத்திடலாம்" என்றான். அதிலும் தப்பில்லை.

அன்றிலிருந்து தை வரைக்கும் ஐந்து மாதம். பகலில் ஆபீஸ், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஷெட். என்ஜினை இறக்கிய இரவில் அண்ணனும் இருந்தான். செயின் பிளாக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்ன ஒருநாளும் ஸ்பானர் தொட விட்டதில்ல தெரியுமா" என்றான். எனக்கும் அப்படித்தான். இன்ஸ்டிட்யூட் மெஷினைத் தொடலாம், வண்டியைத் தொடக் கூடாது. க்ளட்ச் போய்விடும் என்று அம்மாவுக்கு ஓட்டவும் கற்றுத்தரவில்லை. அதே க்ளட்ச்சை நோட்டின்படி மூன்று தடவை மாற்றியிருக்கிறார். மூன்று தடவையும் பென்சிலில் 'சீட்டு'.

மார்கழியில் ஒரு காலை. பெட்ரோல் பம்பின் சின்ன நெம்புகோலைக் கையால் அடித்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறுவது தெரியும். ஏறியது. சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரைத் தொட்டேன். இரண்டு தடவை சும்மா சுற்றியது. மூன்றாவதில் இருமியது. ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. நாலு சிலிண்டரும் சேர்ந்து ஓடும் சத்தம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பாய்க்கு ஒரு நிமிஷம் பதிவு செய்து அனுப்பினேன். பதில்: "டேப்பெட் சத்தம் கொஞ்சம் இருக்கு. பாத்துக்க. மாஷா அல்லாஹ்."

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு வண்டி தானாகவே ஷெட்டிலிருந்து வெளியே வந்தது. யாரும் தள்ளவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்றிருந்தாள்.

முதல் ஓட்டத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனோம். ஸ்டாண்டர்ட் கம்பெனியில் கார் செய்வது 1988-இல் நின்றுவிட்டது. ஃபேக்டரி இருந்த நிலத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர் பையன் கேட்டான், "இது எந்த ஊர் காருங்க?" அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தக் கட்டடங்களைக் காட்டினாள். அவன் புரியாமல் சிரித்தான்.

இப்போது வாடகை வீட்டு போர்ட்டிகோவில் வண்டி நிற்கிறது. பின்சீட்டுக்குப் புது நார் மெத்தை. உறைக்கு நீலப் பூத்துணி தாம்பரம் மார்க்கெட்டில் கிட்டத்தட்ட அதே மாதிரி கிடைத்தது. பழைய உறையைப் பிரித்து அளவுக்கு வைத்துக்கொண்டு அம்மாவே தைத்தாள். முட்டிவலியோடு பதினோரு நாள்.

அப்பாவின் ஃபைலில் புதுத் தாள் சேர்த்திருக்கிறேன். டைப் இல்லை, பேனாதான். நாலு பத்தியும் முதலிலேயே கோடு போட்டுவிட்டேன். தேதி, உருப்படி, தொகை, யாருடையது. டிரனியன் ஆயில் வரியைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரி அம்மா எழுதியது:

சீட் உறை தையல் கூலி – 1,200.00 – பாக்கி.